கூடைக்குள் ஒரு கணக்கு



"ஒழுங்காகப் படிக்காவிட்டால் கூடை முடையத்தான் போக வேண்டும்" என்று பெரியவர்கள் சிலர் திட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். எனக்கு இந்தத் திட்டு பிடிப்பதே இல்லை. கூடை முடைவது மூளைக்கு வேலையில்லாத தொழில் என்று யார் சொன்னது?

முடைகிறவர் கையைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். மூங்கிலைப் பச்சையாக இருக்கும்போதே பிளக்கிறார். காய்ந்துவிட்டால் வளைக்கும்போது ஒடியும். தோல் பக்கம் உறுதி, உள்பக்கம் அத்தனை வலுவில்லை. எந்தப் பட்டையை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்துப் பிரிக்கிறார். பிறகு பட்டைகளை நட்சத்திரம் போல் அடியில் பரப்பி, ஒற்றை இழையால் ஒன்றின் மேலே, அடுத்ததன் கீழே என்று சுற்றுகிறார்.

இங்கேதான் கணக்கு வருகிறது. பட்டை ஆறு என்று வையுங்கள். முதல் சுற்றில் 1, 3, 5க்கு மேலே இழை போகும். இரண்டாம் சுற்றிலும் அதே 1, 3, 5க்கு மேலேதான் போகும். பின்னல் பூட்டிக்கொள்ளாது, கூடை கழன்றுவிடும். பட்டை ஏழு என்றால், ஏழாவதுக்கு மேலே போன இழை, அடுத்த சுற்றில் ஒன்றாவதுக்குக் கீழே போயாக வேண்டும். சுற்றுக்குச் சுற்று மாறி மாறி இறுகும். பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் இந்த ஒற்றைப்படைக் கணக்கு கையிலேயே இருக்கிறது! (இரட்டைப்படையிலும் பின்னலாம். அதற்கு இரண்டு இழை வேண்டும்.)

கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலிருந்து மேற்கே போனால் கல்வராயன் மலை. அங்கே மூங்கில் வளர்கிறது. ஆனால் மூங்கில் கிடைப்பது முடைகிறவர்களுக்கு அத்தனை சுலபமாக இருந்ததில்லை. மூங்கில் ஒரு புல் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமோ அதை 'மரம்' என்ற கணக்கில் சேர்த்துவிட்டது. அதனால் பல இடங்களில், காட்டுக்கு வெளியே வளர்ந்த மூங்கிலை வெட்டி எடுத்துப் போகக்கூட அனுமதி கேட்க வேண்டியிருந்தது. காட்டில் வாழும் மக்கள் மூங்கிலைச் சேகரித்து விற்கலாம் என்று 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சொன்னது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் 'மரம்' என்ற பட்டியலிலிருந்து நீங்கியது 2017இல்தான். ஒரு புல் மீண்டும் புல்லாக 90 வருஷம்!

அதற்குள் பிளாஸ்டிக் கூடை வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. விலை குறைவு, உண்மைதான். ஆனால் மூங்கில் கூடையில் காற்று போய்வரும், காய்கறி புழுங்காது. உடைந்தால் மண்ணோடு மண்ணாகும். கடையில் பிளாஸ்டிக் கூடைக்கு ஒட்டியிருக்கும் விலையைப் பேசாமல் கொடுக்கிறோம். முடைந்தவரே தெருவில் கொண்டுவந்தால் மட்டும் பாதி விலைக்குக் கேட்கிறோம். அது என்ன நியாயம்?

இந்த ஞாயிற்றுக்கிழமை பழைய காலண்டர் அட்டையில் பட்டை வெட்டி, ஆறிலும் ஏழிலும் பின்னிப் பாருங்கள். வீட்டில் மூங்கில் கூடை இருந்தால் கவிழ்த்து எண்ணுங்கள். ஒற்றை இழைக் கூடையில் பட்டை இரட்டைப்படையாக வந்தால், ஏதாவது ஒன்றை இரண்டாகப் பிளந்திருக்கிறார்களா என்று தேடுங்கள். எண்ணிக்கையை ஒற்றைப்படை ஆக்க முடைகிறவர்கள் செய்யும் தந்திரம் அது.