பத்து நாள் உறவு

ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுக்காரன் ஒருத்தன். தங்கமான பையன். என்னை விட நல்லா கோட் எழுதுவான் (அதுக்குப் பெரிய திறமை வேண்டாம்னு டீம்ல சொல்லுவாங்க, அது வேற கதை). லீவு போட்டுட்டு தன்னோட சபை ஆட்களோட கம்போடியா போயிட்டு வந்தான். மிஷன் ட்ரிப். மொத்தம் பத்து நாள். வந்ததும் மதியச் சாப்பாட்டு நேரத்துல லேப்டாப்பைத் திறந்து படம் காட்டினான். ரெண்டு தோள்லயும் குழந்தைங்க தொங்குது. இவன் பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறான். எல்லாரும் வட்டமா நின்னு கை தட்டிப் பாடறாங்க. கடைசி ஸ்லைடுல கொட்டை எழுத்துல: "உறவுகளைக் கட்டினோம்!"

பெயிண்ட் அடிச்சதுல எனக்குப் பிரச்சினை இல்லை. இந்தக் கடைசி வரியிலதான் பிரச்சினை.

"அந்தக் குழந்தைங்க பேரு என்னடா?"ன்னு கேட்டேன். "அந்த ஊர்ப் பேரெல்லாம் வாயில நுழையல மச்சான்"னான். பேர் தெரியாத உறவு!

மேல போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நான் சம்பா கோயில்ல ஞானஸ்நானம் வாங்கினவன். செயின்ட் பால்ங்கிறது நம்மூர் வாயில சம்பாவா ஆயிடுச்சு, அந்தக் கோயில்தான். இப்பவும் ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறவன் (அம்மா எழுப்பினா). அதனால மதமாற்றம், அந்நியக் காசுன்னு கொடி தூக்கிட்டு வர்றவங்க தயவுசெஞ்சு வேற வீதியில போங்க. இது உங்களுக்கான பதிவு இல்லை.

எனக்கு இதுல ஒரு சொந்தக் கணக்கு இருக்கு. 2004 டிசம்பர் 26, சுனாமி. எனக்கு அப்போ ஏழு வயசு. பெரியம்மா வீடு கடலோரம். அவங்க எல்லாரும் ஒரு பள்ளிக்கூடத்துல தங்கியிருந்தாங்க, நாங்களும் தினம் அங்கேதான். ஜனவரியில வெளிநாட்டுல இருந்து ஒரு கூட்டம் இளைஞர்கள் வந்தாங்க. சகதி அள்ளினாங்க, பால் பவுடர் கொடுத்தாங்க, எங்களுக்கு ஆக்‌ஷனோட பாட்டு சொல்லிக் கொடுத்தாங்க. அதுல ஒரு அக்கா என்னை மடியில உட்கார வெச்சு போட்டோ எடுத்துக்கிட்டு, என் அட்ரஸை ஒரு நோட்டுல எழுதி வாங்கிக்கிட்டாங்க. லெட்டர் போடறேன்னு சைகையில சொன்னாங்க. நான் மூணாங்கிளாஸ் முடியற வரைக்கும் போஸ்ட்மேன் சைக்கிள் பெல் அடிச்சா வாசலுக்கு ஓடுவேன்.

சகதி அள்ளினதுக்கு இன்னிக்கும் அவங்களுக்கு ஒரு கும்பிடு. அது உதவி. அதை உதவின்னே சொல்லுங்க. அந்தப் போட்டோவும் எங்கேயோ ஒரு ஸ்லைடுல "உறவு"ன்னு ஓடியிருக்குமேன்னு நினைச்சாத்தான் கடுப்பாகுது.

சரி, அதிக நாள் தங்கினா உறவு வந்துடுமா? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன். நம்ம புதுச்சேரி வரலாறு அதையும் கவுத்துடுச்சு.

1703 நவம்பர்ல போப்பாண்டவரோட தூதரா துர்னோன்னு ஒருத்தர் இங்கே வந்து இறங்கினார். சீனாவுக்குப் போற வழி. எட்டு மாசம் இருந்தார், அதுல பெரும்பகுதி உடம்பு சரியில்லாம படுக்கை. தமிழ் தெரியாது. கிளம்பறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, 1704-ல, தமிழ்க் கிறிஸ்தவங்க எதைச் செய்யணும், எதைச் செய்யக்கூடாதுன்னு ஒரு ஆணை போட்டார். தாலியில பிள்ளையார் உருவம் கூடாது, திருநீறு கூடாது, இப்படி ஒரு பட்டியல். போட்டுட்டு கப்பல் ஏறிட்டார். அதைப் பிடிச்சுக்கிட்டு ரோம்ல நாப்பது வருஷம் அடிச்சுக்கிட்டாங்க. நம்ம பத்து நாள் பார்ட்டிகளுக்கெல்லாம் முப்பாட்டன்!

இப்படித் திட்டிட்டுப் போயிடலாம்னுதான் நினைச்சேன். ஆனா அந்த ஆணைக்குள்ளயே ரெண்டு விஷயம் இருக்கு. மாதவிலக்குன்னு சொல்லிப் பெண்களைப் பாவசங்கீர்த்தனத்துல இருந்து தள்ளி வைக்காதே. அப்புறம், தலித் கிறிஸ்தவர் சாகக் கிடந்தா அவர் குடிசைக்குள்ள போய் அவஸ்தைப்பூசுதல் கொடு, வெளியே தூக்கிட்டு வரச் சொல்லாதே. பல வருஷமா இங்கே இருந்து, தமிழ்ல புலியா இருந்த சாமியார்களுக்கு அந்தக் குடிசை வாசல் தாண்ட முடியலை. படுக்கையில கிடந்த விருந்தாளிதான் அதைச் சொன்னார். தங்கினவங்க உறவு கட்டியிருந்தாங்க, இல்லேன்னு சொல்லலை. யாரோடங்கிறதுதான் கேள்வி.

அதுக்கு பதில் 1745-ல வந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்புல, அந்த அக்டோபர்ல இருக்கு, படிச்சுப் பாருங்க. அப்போ இருந்த சம்பா கோயிலுக்குள்ள ஒரு சுவர். ஒரு பக்கம் தலித் கிறிஸ்தவங்க, இன்னொரு பக்கம் வெள்ளைக்காரங்களும் சாதிக் கிறிஸ்தவங்களும். ஒருநாள் தலித் ஜனங்க கூட்டமா பெரிய சாமியார்கிட்டயே போயிட்டாங்க. நாங்களும் உங்க சீஷர்கள்தானே, கடவுளுக்கு எல்லாரும் ஒண்ணுன்னா எங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சுவர்னு நேராக் கேட்டாங்க. சாமியாரால பதில் சொல்ல முடியலை. சுவரை இடிக்கச் சொன்னார். சாதிக்காரங்க கொதிச்சு எழுந்தாங்க, விவகாரம் கவர்னர் துய்ப்ளேக்ஸ் வரைக்கும் போச்சு.

என்னைக் கேட்டா, புதுச்சேரி மிஷன் வரலாற்றுல உறவுன்னு சொல்லத் தகுதியான நாள் அதுதான். வந்தவனைப் பார்த்து உள்ளூர்க்காரன் "நீ செய்யறது தப்பு"ன்னு சொன்ன நாள். சொன்னது வந்தவன் காதுல விழுந்த நாள்.

இன்னொருத்தரையும் சொல்லணும். 1800-களில் இங்கே இருந்த துப்புய் சாமியார். 1844-ல பொண்ணுங்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தறதுக்குன்னே, உள்ளூர்ப் பெண்களை வெச்சு ஒரு கன்னியர் சபை ஆரம்பிச்சார். மூசேங்கிற இன்னொரு சாமியாரோட சேர்ந்து தமிழ்-பிரெஞ்சு அகராதி போட்டார், 1855-லயும் 1862-லயும் ரெண்டு தொகுதி. அகராதி போடணும்னா என்ன அர்த்தம்? நம்மூர் ஆளுங்களைப் பிடிச்சு "இதுக்கு என்ன பேர், இதை எப்படிச் சொல்லுவீங்க"ன்னு ஆயிரக்கணக்கான தடவை கேட்டிருக்கணும். தப்பாச் சொல்லியிருப்பார், சிரிச்சிருப்பாங்க, திருத்தியிருப்பாங்க. 1874-ல இங்கேயேதான் செத்தார். நம்ம ஆளுக்கு ஒரு குழந்தையோட பேர் வாயில நுழையலையாம்.

இதெல்லாத்தையும் அவன்கிட்டயும் சொன்னேன், சாப்பாட்டு டப்பா ஆறிப் போற அளவுக்கு. பொறுமையாக் கேட்டான். "எல்லாரும் முப்பது வருஷம் போய் உட்கார முடியுமாடா? வேலை இருக்கு, ஈ.எம்.ஐ. இருக்கு. ஒண்ணுமே செய்யாததுக்கு இது தேவலை இல்லையா?"ன்னான். நியாயமான கேள்வி. தேவலைதான். போ, பெயிண்ட் அடி, திரும்பி வந்து "ஒரு சுவருக்குப் பெயிண்ட் அடிச்சோம்"னு ஸ்லைடு போடு. நானே முன் வரிசையில உட்கார்ந்து கை தட்டறேன்.

"சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அங்கே யாராவது உன்னைத் திட்டினாங்களா? இதைப் பண்ணாதே, இது எங்களுக்கு வேண்டாம்னு?"

"சே சே, எல்லாரும் அவ்வளவு அன்பா இருந்தாங்க."

"அடுத்த வருஷம் மறுபடி அங்கேயேவா?"

"இல்லடா, தாய்லாந்து."