எதிலிருந்து எதைக் கழிப்பது?



நகர வெப்பத்தீவு என்ற சொல் இப்போது எல்லார் வாயிலும் அடிபடுகிறது. கணக்கு ரொம்பச் சுலபம் என்கிறார்கள். நகரத்தின் வெப்பநிலையிலிருந்து பக்கத்துக் கிராமத்தின் வெப்பநிலையைக் கழி, மிஞ்சுவதுதான் தீவு. லண்டனில் லூக் ஹோவர்ட் இப்படிக் கழித்துப் பார்த்து 1818-லேயே புத்தகம் போட்டவர். பகலில் அவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ராத்திரியில்தான் நகரம் கூடுதலாகச் சுட்டது. கல்லும் காரையும் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவு முழுக்கக் கக்குகின்றன.

எனக்குச் சந்தேகம் இந்தக் கழித்தலில்தான். எந்த நகரம்? எந்தக் கிராமம்? சென்னைக்கு நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்ற இரண்டு நிலையங்களின் அளவைத்தான் தினமும் செய்தியில் படிக்கிறோம். ஒரு காலத்தில் புறநகராயிருந்த மீனம்பாக்கத்தைச் சுற்றி இன்று கட்டடம்தான். அதை 'வெளி' என்று வைத்துக் கழித்தால் தீவு சிறுத்துப்போகும். அப்புறம், வெப்பமானியை எங்கே வைப்பது என்பதற்கு விதி இருக்கிறது: திறந்தவெளியில், புல்தரைக்கு மேலே, வெள்ளையடித்த பெட்டிக்குள்ளே, நிழலாக, காற்றோட்டமாக. நம்ம சனம் படுத்திருப்பதோ அஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே. அந்தப் பெட்டிக்கு இருக்கிற காற்று நம்ம வீட்டுக்கு இல்லை.

கடலோர ஊரில் வெப்ப அலை என்று சொல்லப் பகல் உச்சம் 37 டிகிரியைத் தொட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரி கூடியிருக்கவும் வேண்டும். 'வெப்ப இரவு' என்று அறிவிப்பதற்கும் அன்றைய பகல் 40-ஐ எட்டியிருக்கணுமாம். ராத்திரி வேகிறது என்று சொல்லப் பகலிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது!

சாட்டிலைட் இருக்கே என்றார் ஒரு மாணவத் தோழர். லேண்ட்சாட் நம் தலைக்கு மேலே போவது காலை பத்து மணிவாக்கில். அது அளப்பது கூரையின், தரையின் சூட்டை. காற்றின் சூட்டை அல்ல. நடுராத்திரியில் கைக்குழந்தைக்கு விசிறிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் அம்மா அதில் தெரிய மாட்டாள். அதற்காக அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1930-களில் கறுப்பர் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாக்கிக் கடன் மறுத்தார்கள். 2020-இல் வந்த ஓர் ஆய்வு அதே சாட்டிலைட் படங்களை வைத்து 108 நகரங்களைப் பார்த்தது. சிவப்பாக்கப்பட்ட பகுதிகளின் தரை மற்ற பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி கூடுதல் சூடு. தொண்ணூறு வருசத்துக்கு முந்தின பேனாக் கோடு இன்னும் கொதிக்கிறது. அவர்கள் நகரத்திலிருந்து கிராமத்தைக் கழிக்கவில்லை, நகரத்துக்குள்ளேயே கழித்தார்கள்.

நாமும் ஊரையும் சேரியையும் அப்படித்தான் கழிக்கணும். 2000 முதல் ஆற்றோரக் குடிசைகளைப் பிடுங்கிக் கொண்டுபோய் வைத்த கண்ணகி நகரிலிருந்து, மரம் அடர்ந்த போட் கிளப் சாலையைக் கழித்துப் பாருங்கள். கடல் எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கணும். இல்லாவிட்டால் கணக்கு நம்மையே ஏமாற்றும்.

ஒரே மாதிரி இரண்டு வெப்பமானி வாங்குங்கள். முதல் ராத்திரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, ஒரே அளவு காட்டுதா என்று சரிபாருங்கள். அப்புறம் பிரித்து வையுங்கள். வீட்டுக்குள்ளே எடுத்ததை வீட்டுக்குள்ளே எடுத்ததோடும், தெருவில் எடுத்ததைத் தெருவோடும் மட்டும் ஒப்பிடுங்கள். இரவு ஒன்பது மணி, விடியற்காலை நான்கு மணி. கூரை என்ன, எத்தனை பேர் படுத்தார்கள், கரண்ட் இருந்ததா என்பதையும் எழுதுங்கள். மே மாதம் முழுக்க எழுதிய நோட்டுகளை ஜூன் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். அடுத்த இதழில் எட்டுப் பக்கம் காலியாக வைத்திருக்கிறேன்.