மேற்கட்டு மட்டும் போதாது

ராஜபாளையத்து நூற்பாலைகளுக்கு வந்துசேரும் பஞ்சுப் பேல்களும், அருகிலுள்ள சத்திரப்பட்டியிலிருந்து வெளியூர் செல்லும் பேண்டேஜ் துணிக் கட்டுகளும் ஒரே வகை லாரியில் ஏறினாலும், அவற்றைக் கட்டவேண்டிய முறை ஒன்றன்று. சுமார் 170 கிலோ எடையுள்ள பேல், தன் கனத்தால் அசையாது என்ற நம்பிக்கையைத் தருகிறது. துணிக்கட்டோ ஓட்டத்தில் அமுங்கி, அதன்மேல் இறுக்கிய கயிற்றைத் தளரச்செய்து, தார்பாய்க்குள் காற்று புக வழிவிடுகிறது. ஆயினும் இரண்டுக்கும் பெரும்பாலும் மேற்கட்டு ஒன்றே, அதாவது பாடியின் ஒருபுறக் கொக்கியிலிருந்து சரக்கின் மேலாகச் சென்று மறுபுறக் கொக்கியில் முடியும் கயிறே, காப்பாகக் கருதப்படுகிறது.

மேற்கட்டு சரக்கைத் தளத்தோடு அழுத்துமே தவிர, முன்னோக்கிய நகர்வை நேரடியாகத் தடுப்பதில்லை. அந்த அழுத்தத்தால் கூடும் உராய்வே தடுக்கிறது. சரக்கின் எடையில் 80 விழுக்காட்டுக்கு ஈடான விசையை முன்பக்கமும், 50 விழுக்காட்டுக்கு ஈடான விசையைப் பக்கவாட்டிலும் பின்பக்கமும் கட்டு தாங்கவேண்டும் என்பது ஐரோப்பியத் தரநிலையின் அடிப்படை. அதன்படி 100 பேல்கள் கொண்ட 17 டன் சுமை, கடும் பிரேக்கில் 13.6 டன் விசையோடு முன்னே தள்ளும். உராய்வுக் கெழு 0.3 எனக் கொண்டால், சுமையின் சொந்த எடையால் 5.1 டன் மட்டுமே தடைபடும், எஞ்சிய 8.5 டன்னை மேற்கட்டாலேயே ஈடுசெய்ய, கயிறுகள் அனைத்தும் சேர்ந்து 28 டன்னுக்கு மேல் அழுத்தவேண்டும். கையால் இழுத்து முடியும் கயிற்றால் இது இயலாது.

ஆகவே முன்வரிசைப் பேல்கள் பாடியின் முன்தடுப்போடு இடைவெளியின்றிப் பொருந்துவதும், இடைவெளி தவிர்க்க முடியாதபோது மரச்சட்டம் இட்டு அடைப்பதும் கட்டாயமாகின்றன. வடம் தேரை இழுக்க, அதை நிறுத்துவது முட்டுக்கட்டையே என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டம் கண்டோர் அறிவர். லாரியிலும் கட்டும் முட்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகா. ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் இணைத்துச் செங்கோட்டை, ஆரியங்காவு வழியே கொல்லம் செல்லும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் மலைச்சரிவுகளில் இந்த வேறுபாடு உயிர்காக்கும் வேறுபாடாகிறது.

கார்க்கூரையில் சிறு தோணிகளைக் கொண்டுசெல்லும் வெளிநாட்டு வழக்கமும் இதையே உணர்த்துகிறது. அங்கே இரு குறுக்குச்சட்டங்களில் தோணியைக் கவிழ்த்து இரு பட்டைகளால் இறுக்கிய பின்னரும், முன்பின் நகர்வையும் காற்றில் எழும்புவதையும் தடுக்க, அதன் இரு முனைகளும் காரின் முன்னும் பின்னும் தனித்தனிக் கயிறுகளால் கட்டப்படுகின்றன. கூரையில் ஏணியும் குழாயும் ஏற்றுவோருக்கும் இதுவே ஏற்ற முறை.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 194(1ஏ) பிரிவு, அனுமதித்த அளவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் சரக்குக்கு 20,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. ஆனால் அளவுக்குள் அடங்கிய சரக்கும் தவறாகக் கட்டப்பட்டிருக்கலாம் என்பதால், அபராதத்துக்கு அஞ்சி அளவு பார்ப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. கிடங்கை விட்டு லாரி வெளியேறுமுன் முன்தடுப்பும் கயிறும் பார்க்கப்படவேண்டும். பேலின் இரும்புப் பட்டையில் கயிறு உரசும் இடங்களில் சாக்கு மடித்து வைக்கப்படவேண்டும். சில கிலோமீட்டர் ஓடியபின் வண்டியை நிறுத்திக் கட்டை மீண்டும் இறுக்கும் நேரம் பயணக் கணக்கில் சேரவேண்டும். கட்டு சரியில்லையெனில் வண்டியை எடுக்க மறுக்கும் உரிமையை ஓட்டுநருக்கு ஆலைகளும் லாரி உரிமையாளர்களும் எழுத்தில் அளிப்பதே, இத்தொழிலில் உழைப்போருக்கும் சாலையில் செல்வோருக்கும் அவர்கள் செய்யக்கூடிய முதற்கடமை.