குற்றவாளிப் பட்டியலில் ஒரு காலம் காலி!

ஓர் ஆண் நாலு கொலை செய்தால் அது செய்தி. ஒரு பெண் செய்துவிட்டால் அது காவியம்! ‘சயனைடு மல்லிகா’ என்று பெயர் சூட்டுவோம். அவள் கட்டியிருந்த புடவையைப் பற்றி அரைப் பக்கம் எழுதுவோம். ‘பொம்பளையாய்யா அவ?’ என்று டீக்கடையிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டு, அடுத்த வடைக்குக் கை நீட்டுவோம்.

பூலான்தேவி என்றதும் 1981-ல் பெஹ்மாயில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டது ஞாபகம் வருகிறது. பதினோரு வயதில் அவரை, மூன்று மடங்கு வயதுக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தது யாருக்காவது ஞாபகம் வருகிறதா?

சம்பல் பள்ளத்தாக்கு வரை போவானேன்? நம்ம நல்லதங்காளையே எடுத்துக்கொள்ளுங்கள். பெற்ற ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் குதித்தவள். இன்றைய சட்டப்படி ஏழு கொலை. ஆனால், வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் அந்தக் கதையைச் சொன்னால் இன்றைக்கும் கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். பிறகு அண்ணி மூளி அலங்காரியைக் கரித்துக்கொட்டுவார்கள். சாகடித்தது ஒரு பெண், சாகவைத்தது இன்னொரு பெண். கதை முடிந்தது. நாட்டை ஆண்ட புருஷன் காசிராஜன் பஞ்சத்துக்கு என்ன செய்தார்? அண்ணன் நல்லதம்பி வேட்டைக்குப் போயிருந்தாராம். சௌகரியமான வேட்டை!

இந்தக் கதையை நம் காலத்திலும் நடத்திக்காட்டினோம். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, விருவீடு வழியாகப் போனால் உசிலம்பட்டி. 1986-ல் ஓர் ஆங்கிலப் பத்திரிகை எழுதிய பிறகு, உசிலம்பட்டி என்றாலே கள்ளிப்பால், நெல்மணி என்று நாடு முழுக்க நாறிப்போனது. நாம் என்ன செய்தோம்? மதுரையிலிருந்து திண்டுக்கல் தனி மாவட்டமாகி அப்போது ஒரு வருடம்தான். ‘அது மதுரைக்காரன் சமாசாரம்’ என்று கைகழுவினோம். ஆனால், 1992-ல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் மதுரை, தேனியோடு திண்டுக்கல்லுக்கும் சேர்த்துத்தான் நீட்டினார்கள். சும்மாவா நீட்டுவார்கள்?

அந்த வழக்குகளில் மாட்டியது யார்? பெரும்பாலும் பெற்றவள், மாமியார், கிழவி. பச்சை உடம்புக்காரி போலீஸ் ஜீப்பில் ஏறினாள். புருஷன்? வயக்காட்டுக்குப் போயிருந்தார். அதே வேட்டை!

நான் படித்தது பி.காம். அதில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: எந்தப் பற்றுக்கும் எதிரே ஒரு வரவு இருந்தே தீரும். இங்கே செலவானது ஒரு குழந்தை. மிச்சம் யாருக்கு?

பரிசம் போட்டுப் பெண் எடுத்த ஊர்கள் அவை. 1959-ல் வைகை அணை திறந்தது. தண்ணீர் வந்த இடத்தில் காசு புரண்டது. காசு புரண்ட இடத்தில் வரதட்சணை நுழைந்தது. மாப்பிள்ளைக்கு விலை ஏறஏற, பெண் குழந்தை கடன் பத்திரமாகப் பிறந்தது. வரதட்சணை கொடுத்தாலும் வாங்கினாலும் குறைந்தது ஐந்து வருடம் உள்ளே என்கிறது 1961-ம் வருடச் சட்டம். பழனி ரோட்டில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். பீரோ, கட்டில், பைக் எல்லாம் வாசலிலேயே நிற்கும். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட அதிகாரி எத்தனை பேர்? வழக்குப் போட்டவர் எத்தனை பேர்?

2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில், ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 851 பேர். இயற்கை விட்டுவைத்தால் 950-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஆயிரத்துக்கு நூறு குறைகிறது! அந்த நூறு அம்மாக்களும் தனித்தனியாக ராட்சசியாகப் பிறந்துவிட்டார்களா என்ன?

அந்தக் கணக்கில் இன்னொரு திருட்டும் உண்டு. ஸ்கேன். கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்று சொல்வதை 1994-லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். போர்டு மாட்டினார்கள். போர்டுக்குக் கீழேயே விரலால் ஜாடை காட்டியவர்களும் இருந்தார்கள். அதற்குப் பணம் கட்டியது படித்த குடும்பம். வாங்கியது படித்த டாக்டர். இவர்களில் யாருக்காவது நாம் பட்டப்பெயர் வைத்தோமா? ‘ஸ்கேன் சுந்தரம்’ என்று யாராவது தலைப்புப் போட்டார்களா? கூரை வீட்டுக் கிழவியின் சங்கு மட்டும்தான் நமக்குப் பயங்கரமாகத் தெரிந்தது.

‘அப்போ கொன்னவளை விட்டுடலாமா சார்?’ என்பீர்கள். விடச் சொல்லவில்லை. செத்தது ஓர் உயிர். அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் சொல்வது, கூண்டை இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கட்டுங்கள் என்பதுதான். பைக் கேட்ட மாப்பிள்ளைக்கு அதில் இடம் வேண்டும். ‘மூணாவதும் பொட்டையா?’ என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனவருக்கும் இடம் வேண்டும்.

அதுவரை, ‘பொம்பளையாய்யா அவ?’ என்று கேட்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பழகலாம்:

‘அவ புருஷன் அப்போ எங்கய்யா போயிருந்தான்?’