ஆமைக் கடனும் மீன்கொத்தி முதலும்



'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்பார்கள் நம் பெரியவர்கள். ஆமைமேல் இந்தப் பழி எப்படி வந்ததோ! அமீனா ஏன் வருகிறார் என்பது மட்டும் நமக்கு நன்றாகத் தெரியும். கொடுத்த கடன் திரும்பாததால், வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போன கடைக்கு அவர் வருகிறார்.

பங்குனி ஆமை தை முதல் பங்குனி வரை தமிழகக் கடற்கரைகளில் இரவில் கரையேறி, மணலில் குழி பறித்து, சுமார் 100 முட்டைகள் இடும். குழியை மூடிவிட்டுக் கடலுக்குப் போனால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏறக்குறைய 50 நாளில் குஞ்சுகள் தாமே வெளிவரும். நாய், நண்டு, காக்கை, பெரிய மீன் எல்லாவற்றுக்கும் தப்பி வளர்ந்து ஆளாவது மிகச் சிலவே.

மீன்கொத்தியின் கணக்கு வேறு. வாய்க்கால் கரையில் வளை குடைந்து ஐந்தாறு முட்டைதான் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்து, குஞ்சுகளுக்கு இரை கொண்டுவந்து ஊட்டும்.

இரண்டில் எது புத்திசாலி? இரண்டும்தான். நூறு முட்டை உள்ளது பெரும்பாலானவை போனாலும் தாங்கும். ஐந்து முட்டை உள்ளது ஒன்றையும் இழக்க முடியாது. மீன்கொத்தியின் முதலை வைத்துக்கொண்டு ஆமையைப் போல் கடன் கொடுப்பதே நாம் செய்யும் தவறு.

குலசேகரன்பட்டினத்தில் தசரா வந்தால் தற்காலிகக் கடைகள் முளைக்கும். பத்து நாளில் மறையும். 2024 பிப்ரவரி 28-இல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பெரிய வேலை நடக்கும் ஊரில் ஒப்பந்தக்காரர்கள் வருவார்கள், மாறுவார்கள். மாதக் கணக்கு கேட்பார்கள். வியாபாரம் பெருகட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் வேலை முடிந்து ஊர் மாறியவரைத் தேடிப் போக, மளிகைக் கடைக்காரருக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

'கடன் அன்பை முறிக்கும்' என்று பலகை மாட்டிவிட்டு, அதன் கீழேயே நின்று கடன் எழுதுகிறோம். கடனே இல்லாமல் சிற்றூரில் கடை நடத்த முடியாது என்பதும் உண்மையே. ஆகவே, கண்பார்வையில் இருப்பவருக்கு மட்டும் கொடுப்போம். ஆளுக்கு ஒரு வரம்பு வைப்போம். பழைய பாக்கி தீராமல் புதிய பற்று எழுத வேண்டாம். வாரம் ஒருமுறை பேரேட்டைப் புரட்டிக் கணக்கைக் காட்டிக் கையெழுத்து வாங்குவோம்.

மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. நூறு கடைக்குச் சரக்கு போடும் உங்களுக்கு ஒரு நிலுவை தாமதமானால் தாங்கும்; சிறு கடைக்காரருக்குத் தாங்காது. தவணை கேட்டு வரும்போது இதை நினைவில் வையுங்கள்.