பெயர்ப்பலகை வயது சொல்லாது

ஒரு கட்டுரை படித்தேன். யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவில் உள்ள விகாரையின் பெயரில் ‘புராண’ என்ற சொல் இருக்கிறதாம். ஆகவே அது 2,500 ஆண்டுப் பழையதாம். அவ்வளவு பெரிய வயதைச் சொல்லத் தமிழில் சொல்லே இல்லையாம். கட்டுரையாளர் பக்கம் பக்கமாக நிறுவப் பார்த்தது இவ்வளவுதான். எங்கள் ஊரில் இதை விழல் கதை என்போம்.

‘புரா’ என்றால் வடமொழியில் முன்னர். புராண, புராதன இரண்டும் அதிலிருந்து பிறந்தவை. எத்தனை ஆண்டுக்கு முன்னர் என்பது அந்தச் சொல்லுக்கே தெரியாது. முன்பு புதிதாக இருந்தது எதுவோ அதுவே புராணம் என்று நிருக்தம் செய்த யாஸ்கர் விளக்கினார். அப்படிப் பார்த்தால் என் பழைய சைக்கிளும் புராணந்தான்.

தமிழில் சொல் இல்லை என்பவர் தொல்காப்பியத்தின் பெயரையாவது கேள்விப்பட்டிருக்கலாம். அதன் செய்யுளியல், எட்டு வனப்புகளில் பழங்கதை சொல்லும் ஒன்றைத் ‘தொன்மை’ என்கிறது. புதியதை ‘விருந்து’ என்கிறது. வடமொழியிலும் ‘பழையது’ என்ற சொல்லே கதைநூலுக்குப் பெயராயிற்று. சிவஞான முனிவர் காஞ்சிப்புராணம் பாடியது 18ஆம் நூற்றாண்டில். பெயரில் புராணம் இருப்பதால் அது வேதகாலத்து நூலாகிவிடுமா?

சரி, வரலாற்றுக்கு வருவோம். புத்தர் நாகதீபத்துக்கு வந்தார் என்கிறது மகாவம்சம். அந்த நாகதீபம் எது? 1936இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேடு, வசப மன்னன் காலத்தில் ‘நாகதீவ’த்தை ஆண்ட அமைச்சரையும் அங்கே எழுந்த விகாரையையும் சொல்கிறது. வல்லிபுரம் இருப்பது வடமராட்சியில். ஏட்டைப் படித்த தொல்லியலாளர் பரணவிதானவே, நாகதீபம் என்பது யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பகுதி என்றுதான் கொண்டார். கட்டுரையாளரோ அதைக் குறிகட்டுவானுக்கு அப்பால் உள்ள நயினாதீவு என்ற சின்னத் தீவுக்குள் அடைக்கிறார்.

நயினாதீவில் காலம் சொல்லும் கல் ஒன்று உண்டு. அது நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. அதைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் பதிப்பித்தார். அது சொல்வது இது: ஊராத்துறைக்கு (ஊர்காவற்றுறைக்கு) வரும் பரதேசிகளுக்கு, அதாவது அயல்நாட்டவருக்கு, பாதுகாப்பு. யானை, குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, மிச்சம் உடையவருக்கு. வாணிபச் சரக்கென்றால் பாதிக்குப் பாதி. பொலன்னறுவை மன்னன் இந்த ஆணையை எழுதுவித்த மொழி தமிழ். கட்டுரையாளர் இதைப்பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. தெரியாமல் விட்டாரா, தெரிந்தே விட்டாரா?

பழந்தமிழ்க் காப்பியத்தில் வரும் ‘மணிபல்லவம்’ நயினாதீவே என்று, அந்தப் பெயரை மட்டும் வைத்துத் தீவுக்கு வயது கணிக்கும் நம்மவர்களுக்கும் இதே பதில்தான். வயதை நிறுவக் கல்லைக் காட்டுங்கள், ஏட்டைக் காட்டுங்கள், அகழ்ந்தெடுத்ததைக் காட்டுங்கள். பலகையைக் காட்டினால், அதற்குப் பெயின்ற் அடித்த ஆண்டைத்தான் கேட்போம்.