கஞ்சமலையும் காந்தமும்

கஞ்சமலைக் கல்லை எடுத்து ஒரு காந்தத்தின் அருகே கொண்டு போ, தோழா! ஒட்டிக் கொள்ளும். இரும்பு உறங்கும் மலை அது. அந்த இரும்புக்காகத்தான் 1967 ஜூலை 23-ல் எழுச்சி நாள் நடத்தினோம். 1970-ல் கால்கோள். ஆலை ஓட மேலும் பதினோரு ஆண்டு! வந்ததோ மலையின் இரும்பை உருக்கும் ஆலை அன்று. துருப்பிடிக்காத எஃகைத் தகடாக உருட்டும் ஆலை. அதையும் 2019-ல் விற்கப் புறப்பட்டது டில்லி!

இன்று நாம் பேசுவது மின்சார வண்டியின் மோட்டாருக்குள் இருக்கும் நியோடிமியம் காந்தத்தைப் பற்றி. 2025 ஏப்ரலில், உரிமம் பெற்றால்தான் ஏற்றுமதி என்று சீனம் இவ்வகைக் காந்தங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. நம் வாகன ஆலைகள் கலங்கின. நியோடிமியம் நம்மிடம் இல்லையா? மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருக்கிறதே! மண் இங்கே, காந்தம் அங்கே! (மணலை அள்ளினால் எங்கள் கரை என்ன ஆகும் என்று குமரி மீனவர் கேட்கிறார். அவருக்கும் விடை சொல்லியாக வேண்டும்.)

மண் மட்டும் போதாது. நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் கூடிய அந்த உலோகத்தை நுண்பொடியாக்கினால் வெறுங்காற்றிலேயே தீப்பற்றும். ஆகவே நைட்ரஜன் காப்பில் அரைக்கிறார்கள். காற்றை அகற்றிய உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு இறுக்குகிறார்கள். அதன் பிறகும் பகை ஓயாது. முந்நூறு டிகிரிச் சூட்டில் காற்றுப் பட்டால், ஆக்சிஜன் நியோடிமியத்தைத் தேடி உள்ளே புகுந்து அரிக்கிறது. காந்த சக்தி மடிகிறது. மேலே நிக்கல் பூச வேண்டியிருக்கிறது.

நம் உருக்காலைத் தகட்டுக்கு அத்தொல்லை ஏன் இல்லை? அதில் கலந்த குரோமியம் முந்திக்கொண்டு ஆக்சிஜனோடு கூடி, மெல்லிய தோலாகப் படிந்து வாசலை அடைத்துவிடுகிறது. நியோடிமியத்துக்கு அந்தக் கதவு கிடையாது. சூடேறிய எஃகின்மேல் செதில் எப்படி எழும், எப்படிக் கழியும் என்பதைச் சேலத்துத் தொழிலாளி கைப்பழக்கத்தில் அறிந்தவன். பாடம் புதிது, பள்ளிக்கூடமோ பழையது!

2025 நவம்பரில் டில்லி 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஆண்டுக்கு 6,000 டன் காந்தம். ஐந்து நிறுவனங்களுக்குப் பங்கு. நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் தோழன் நாளை மின்சார லாரிக்குக் கட்டுவான். அதன் மோட்டாருக்குக் காந்தம் கப்பலில் வரும்வரை அவன் கைகட்டி நிற்பதா?

அந்த ஐந்தில் ஒன்று சேலத்தில் அமைய வேண்டும். கால்கோளுக்கு நாள் குறிக்கும்போதே முதல் காந்தம் வெளிவரும் நாளையும் டில்லி எழுதித் தரட்டும்!